நெஞ்செரிச்சல் மாத்திரையும் குழந்தையின் மூச்சும்

(கல்விச் சங்க வெள்ளிவிழாவின் இரண்டாம் நாள் அமர்வில் ஆற்றிய உரை)



வெள்ளிவிழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவதும், சங்கம் நடந்து வந்த பாதையை நினைவு கூர்வதும் வழக்கம். அவற்றை நம்மினும் நன்கறிந்தோர் நேற்றே பேசிவிட்டனர். எனவே நமக்கு ஒதுக்கப்பட்ட அரைமணி நேரத்தில் ஒரு மாத்திரையைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணினோம். தலைப்பைக் கேட்ட செயலாளர், "தலைமையாசிரியர் எப்போது மருத்துவரானார்?" என்று நகைத்தார். நாம் மருத்துவர் அல்லோம். படித்தது பி.ஏ.வும் பி.எட்.டும்; ஆண்டுகள் பல கரும்பலகையின் முன்னே கழிந்தன. ஆயினும் இம்மாத்திரையின் பின்னே ஒரு கணக்கு இருக்கிறது. அக்கணக்கைப் பிழையாகப் போட்டதனால் நாம் அறிந்த ஒரு வீட்டில் ஒரு தாய் தலைகுனிந்து நின்றாள்; மற்றொருத்தி உயிரிழக்கும் நிலைக்குச் சென்று மீண்டாள். கணக்கைத் திருத்துவது ஆசிரியன் வேலைதானே.

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில், எம்மிடம் முன்பு படித்த பெண் ஒருத்தி தன் மகனை ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்தாள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தபின், "விளையாட்டு வகுப்பில் இவனை ஓடவிட வேண்டா என்று தனியாக எழுதித் தரவேண்டுமா, ஐயா?" என்று கேட்டாள். ஏனம்மா என்றோம். பையனுக்கு இளைப்பு; பனிக்காலத்தில் இரவெல்லாம் படுக்க முடியாமல் சுவரிற் சாய்ந்து உட்கார்ந்தே இருப்பான் என்றாள். சற்று நேரம் கழித்துத் தாழ்ந்த குரலில், "எல்லாம் நான் செய்த வினை, ஐயா" என்றாள்.

அவள் செய்த வினை இதுதான். இவனைச் சுமந்திருந்த காலத்தில் செங்கற்சூளையில் வேலை. உண்டது நெஞ்சுக்கு ஏறி எரியும். சூளைக்கு அருகிலிருந்த மருந்துக்கடையில் 'கேஸ் மாத்திரை' என்று கேட்டு வாங்கி விழுங்கினாள். ஆண்டுகள் கடந்தபின், அத்தகைய மாத்திரையை உண்ணும் கர்ப்பிணியின் பிள்ளைக்கு ஆஸ்துமா வரும் என்றொரு செய்தி கைப்பேசி வழியாக அவள் வீட்டுக்குள் நுழைந்தது. அன்று முதல் மாமியார் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லும் அந்தச் செய்தியிலேயே தொடங்கிற்று. பிள்ளை இருமினால் அவள் குற்றவாளி.

அச்செய்தி முழுப்பொய் என்று சொல்லிவிட்டால் நம் வேலை எளிதாக முடிந்துவிடும். ஆனால் அது முழுப்பொய் அன்று. ஆகையால்தான் இதைச் சற்று விரித்துப் பேசவேண்டியிருக்கிறது.

முதலில் நெஞ்செரிச்சல் ஏன் வருகிறது? வயிற்றுப் பிள்ளைக்கு முடி முளைக்கிறது என்று நம் பாட்டிமார் சொல்வர். மருத்துவ நூலார் கூறுவது வேறு. சூல் கொண்ட பெண்ணின் உடலில் புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்புநீர் மிகுகிறது. கருப்பை காலத்துக்கு முன்பே சுருங்கிவிடாதபடி அதன் தசைகளைத் தளர்த்தி வைப்பது அதன் பணிகளுள் ஒன்று. அவ்வாறு தளர்த்தும்போது இரைப்பையின் மேல்வாயிலைக் காக்கும் தசையும் சேர்ந்து தளர்ந்துவிடுகிறது. பிந்திய மாதங்களில் வளரும் கருப்பையும் இரைப்பையை மேல்நோக்கி நெருக்குகிறது. விளைவு, உள்ளிருக்கும் அமிலம் உணவுக்குழலில் ஏறி எரிக்கிறது. நாவடக்கம் இல்லாதவளுக்கு வரும் நோய் என்று இதனை இகழ்வோர் இதைக் குறித்துக்கொள்க. பிள்ளையைக் காக்கும் அதே சுரப்புத்தான் தாயின் நெஞ்சை எரிக்கிறது.

இதற்குரிய மருந்துகள் மூவகை. ஊறிய அமிலத்தை முறிக்கும் வெண்ணிற, இளஞ்சிவப்பு நிறக் குழம்புகள் ஒருவகை; இவற்றில் அலுமினியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் இருக்கும். அமிலம் ஊறுவதைக் குறைக்கும் ரானிடிடின், ஃபாமோடிடின் போன்றவை இரண்டாம் வகை. 1976-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த சிமெடிடின் இவற்றுக்கு முன்னோடி. அதனைக் கண்டறிந்த ஜேம்ஸ் பிளாக் 1988-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அமிலம் ஊறும் வாயிலையே அடைக்கும் ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் முதலியன மூன்றாம் வகை. நம் ஊர்களில் கடைக்காரர் கிழித்துக் கொடுக்கும் 'கேஸ் மாத்திரை' பெரும்பாலும் பின்னிரண்டு வகையைச் சேர்ந்தது. அட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவர் சீட்டின்றி அதனை விற்கக்கூடாது என்பது சட்டம். கடையில் அச்சட்டம் படும் பாட்டை நாம் சொல்லவேண்டியதில்லை. ரானிடிடினில் புற்றுநோய்க்கு ஏதுவாகக் கூடிய மாசு ஒன்று காணப்பட்டமையால் 2020 ஏப்ரலில் அமெரிக்க அரசு அதனைச் சந்தையிலிருந்து நீக்கச் சொல்லிற்று. 2022-இல் நம் நாட்டின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலிருந்தும் அது நீக்கப்பட்டது.

இனிக் குழந்தையின் மூச்சுக்கு வருவோம். சுவீடன் நாட்டில் பிறப்பு, மருந்து, நோய் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பதிவேடுகள் உண்டு. 2009-இல் அப்பதிவேடுகளைக் கொண்டு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்தவர்கள், சூல்காலத்தில் அமிலக்குறைப்பு மருந்து உண்ட தாயரின் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா சற்று மிகுதியாக இருந்ததைக் கண்டனர். 2017-இல் எடின்பரோ, பின்லாந்தின் தாம்பரே ஆகிய பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தோர், அதுவரை வந்த எட்டு ஆய்வுகளைத் தொகுத்து, 13 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களைப் பார்த்து, குறைந்தது மூன்றில் ஒரு பங்கு அதிகம் என்றனர். மருந்துதான் ஆஸ்துமாவை உண்டாக்கியது என்று இதனால் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதையும் அவர்களே சொன்னார்கள். கைப்பேசிச் செய்தியில் முதல் பாதி மட்டும் வந்தது, பின்பாதி வரவில்லை.

இளைஞர்களே, 'மூன்றில் ஒரு பங்கு அதிகம்' என்றால் எதில் மூன்றில் ஒரு பங்கு என்று கேளுங்கள். நூறு குழந்தைகளில் ஐவருக்கு இளைப்பு நோய் வருகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஐந்தில் மூன்றில் ஒரு பங்கு இரண்டுக்கும் குறைவு. ஐந்தும் அதுவும் சேர்ந்து ஏழுக்குச் சற்றுக் குறைவு. ஆக, மாத்திரை உண்ட நூறு தாயரின் பிள்ளைகளில் தொண்ணூற்று மூவர்க்கு இளைப்பே இல்லை. நோயுற்ற எஞ்சியோரிலும் ஐவர்க்கு மாத்திரை இல்லாவிட்டாலும் நோய் வந்திருக்கும். மாத்திரையே குற்றவாளி என்று ஒப்புக்கொண்டாலும், அதன் தலையில் ஏற்றக்கூடியது நூற்றில் இருவருக்கும் குறைவு. எட்டாம் வகுப்பு விகிதக் கணக்குத்தான் இது. இதைப் போடத் தெரியாமல் ஒரு தாயைப் பத்து வயதுப் பிள்ளையின் முன்னே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள்.

அடுத்த வினா, மாத்திரைதான் குற்றவாளியா என்பது. மழைநாளில் குடை பிடித்து வருவோரைப் பாருங்கள். அவர்கள் காலில் சேறு இருக்கும். குடை பிடிக்காத நாளில் வருவோர் காலில் சேறு இராது. எனவே குடைதான் சேற்றைக் கொண்டுவருகிறது என்று ஒருவன் சொன்னால் சிரிப்போம். குடைக்கும் சேற்றுக்கும் காரணம் மழை. அதுபோல், தாயிடத்தில் ஏதோ ஒன்று இருந்து, அதுவே அவளுக்கு நெஞ்செரிச்சலையும் பிள்ளைக்கு இளைப்பையும் தந்திருக்கலாம் அன்றோ? தாய்க்கே இளைப்பு இருந்தால் அவளுக்கு நெஞ்செரிச்சல் மிகுதி. அவள் பிள்ளைக்கும் இளைப்பு வர வாய்ப்பு மிகுதி. உடற்பருமனும் புகைப்பழக்கமும் இவ்வாறே இரண்டு பக்கமும் நிற்கக்கூடியவை. அன்றியும், தன் உடல்நலத்துக்காக மருத்துவரை அடிக்கடி நாடும் தாய், பிள்ளை இருமினாலும் உடனே அழைத்துச் செல்வாள். நோய் பதிவேட்டில் ஏறிவிடும்.

இதனைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. 2012-இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்று ஏறத்தாழ 2 லட்சம் குழந்தைகளைப் பற்றியது. பிள்ளை வயிற்றில் இருந்தபோது மாத்திரை உண்ட தாயரின் பிள்ளைகளுக்கு இளைப்பு மிகுந்திருந்தது. பிள்ளை பிறந்தபின் மாத்திரை உண்ட தாயரின் பிள்ளைகளுக்கும் மிகுந்திருந்தது. தொப்புள்கொடி அறுந்தபின் தாய் விழுங்கிய மாத்திரை எவ்வழியாகப் பிள்ளையின் நுரையீரலுக்குச் செல்லும்? அங்கேதான் குடைக்கும் சேற்றுக்கும் பின்னாலிருக்கும் மழையின் மீது ஐயம் எழுகிறது. 2023-இல் தென்கொரியாவில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்-சேய் இணைகளைக் கொண்டு பெரியதோர் ஆய்வு வந்தது. ஒவ்வாமை நோய்கள் அனைத்தையும் பார்த்த அவ்வாய்விலும் பொதுவாகப் பார்த்தபோது வேறுபாடு தெரிந்தது. பின்னர், ஒரே தாயின் பிள்ளைகளுள் மாத்திரை உண்ட காலத்தில் சுமந்த பிள்ளையையும், உண்ணாத காலத்தில் சுமந்த பிள்ளையையும் அருகருகே நிறுத்தினர். தாய் ஒன்று, வீடு ஒன்று, குருதி ஒன்று. அப்போது அவ்வேறுபாடு ஏறத்தாழ மறைந்துபோயிற்று.

எனினும் ஐயமே கூடாது என்று சொல்வோமாயின் அதுவும் நேர்மையன்று. 2007-இல் வியன்னா ஆய்வாளர்கள் சூலுற்ற சுண்டெலிகளுக்கு அமிலக்குறைப்பு மருந்தோடு உணவுப் புரதத்தைக் கொடுத்துப் பார்த்தனர். அமிலம் குறைந்தால் புரதம் சரியாகச் சிதைவதில்லை. தாய் எலிக்கு ஒவ்வாமை உண்டாயிற்று. குட்டிகளின் உடலும் ஒவ்வாமைப் பக்கம் சாய்ந்தது. எலியின் வயிறு மனித வயிறன்று. ஆயினும் கேள்வியை எழுப்ப அது போதும். சூல்காலத்து மருந்து என்றாலே உலகம் அஞ்சுவதற்கு உரிய வரலாறும் உண்டு. 1957-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, மசக்கை வாந்திக்கென்று கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டு, 1961-இல் திரும்பப் பெறப்படுவதற்குள் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்தன. நெஞ்செரிச்சல் மாத்திரை அந்த இனத்தைச் சேர்ந்ததன்று. ஒமிப்ரசோல் வகை மருந்துகளைப் பற்றி 2010-இல் டென்மார்க்கில் 8 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளைப் பார்த்தவர்கள், முதல் மூன்று மாதங்களில் அவற்றை உண்டதனால் உறுப்புக் குறைபாடு கூடியதாகக் காணவில்லை.

ஆகவே, மருத்துவர் எழுதிக் கொடுத்ததை அச்சத்தால் நிறுத்த வேண்டா. அவர் எழுதாததைக் கடையில் கேட்டு வாங்கவும் வேண்டா. முதலில் உணவைச் சிறுகச் சிறுக, ஐந்தாறு வேளையாகப் பிரித்துக்கொள்ளலாம். உண்டவுடன் படுக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் விடலாம். தலைமாட்டில் கட்டிற்காலுக்கு இரு செங்கல் வைக்கலாம். பாயிற் படுப்போர் தோளுக்கும் சேர்த்துத் துணிமூட்டை கொடுக்கலாம். இடப்புறம் ஒருக்களித்துப் படுப்பது நலம். அதிலும் அடங்காவிடில் குழம்பு மருந்து. அதிலும் அடங்காவிடில் மற்றவை. இவை மருத்துவர் முடிவு. சோடா உப்புப் பொடியைத் தண்ணீரிற் கரைத்துப் பொங்கப் பொங்கக் குடிப்பது கர்ப்பிணிக்கு ஆகாது. அதன் சோடியம் உடலில் நீர் கோக்கச் செய்யும். இன்னொன்று: 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் கருவுற்ற பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையோர். இரும்புச்சத்து உடலிற் சேர அமிலம் வேண்டும். எனவே குழம்பு மருந்தையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்கினால் சுகாதார நிலையத்தில் கொடுத்த மாத்திரை பெருமளவு வீணாகும். இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரமேனும் விடுக. தேநீருக்கும் இது பொருந்தும்.

தொடக்கத்தில் மற்றொருத்தி என்றோமே, அவளைப் பற்றி இப்போது சொல்லவேண்டும். நம் மாணவியின் நாத்தனார் அவள். கைப்பேசிச் செய்தி வீட்டுக்குள் நுழைந்த காலத்தில் அவளுக்கு எட்டாம் மாதம். அண்ணி படும் பாட்டைக் கண்டவள், இனி மாத்திரை என்ற ஒன்றையே தொடுவதில்லை என்று முடிவு செய்தாள். இரும்புச்சத்து மாத்திரையும் அடுப்பங்கரைப் பரணுக்குப் போயிற்று. ஒருநாள் மேல்வயிற்றில் வலி. நெஞ்செரிச்சல் என்று எண்ணினாள். சொன்னால் மாத்திரை கொடுப்பார்களே என்று இரண்டு நாள் வாய்திறக்கவில்லை. தலைவலி வந்தது. முகம் வீங்கியது. மூன்றாம் நாள் காலையில் கண் மங்கிற்று. 108 வண்டியில் ஏற்றினர். அது நெஞ்செரிச்சலே அன்று. இரத்த அழுத்தம் ஏறி, ஈரலைத் தாக்கி, வலிப்பின் வாயிலுக்கு வந்திருந்தது. உடனே மகப்பேற்றை நடத்தினர். தாயும் சேயும் பிழைத்தனர். குழந்தை குறைமாதம், எடையும் குறைவு.

தாய்மார்களே, இதை மட்டும் மறவாதீர்கள். ஐந்து மாதத்துக்குப் பின், வலப்புற விலாவுக்குக் கீழோ மேல்வயிற்றிலோ வலி வந்து, அதனுடன் தலைவலியோ, பார்வை மங்கலோ, முகம் கை வீக்கமோ சேர்ந்தால் அதற்குக் கடையில் மாத்திரை கேட்கக்கூடாது. பொறுத்துக்கொண்டு படுத்திருக்கவும் கூடாது. அன்றே இரத்த அழுத்தம் பார்க்கவேண்டும். மேல் எண் 140-ஐயோ, கீழ் எண் 90-ஐயோ எட்டினால் மருத்துவமனைதான்.

அவ்வூரில் இரத்த அழுத்தம் பார்க்க வழியில்லாமல் இல்லை. துணைச் சுகாதார நிலையம் ஊருக்குள் இருக்கிறது. நம்மவர் தெரு ஊருக்கு அப்பால் இருக்கிறது. செவிலியர் வருகை ஊர்த்தெருவோடு நின்றுவிடும். கூலிவேலை முடிந்து நம் பெண்கள் அங்கே செல்லும் நேரத்தில் நிலையம் பூட்டியிருக்கும். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. கேட்போரில் பலர் தம் ஊர் என்றே நினைத்திருப்பீர்கள். அவ்வூர் இளைஞர்கள் மனு எழுதி, மும்முறை நடந்து, இப்போது மாதம் இருமுறை நம் தெரு மாலைப் பாடசாலைக் கட்டடத்திலேயே பரிசோதனை நடக்கிறது. மனுவில் இருந்த ஒற்றுப்பிழைகளைத் திருத்திய அளவில் நமக்கும் அதில் பங்குண்டு.

இனி அந்தப் பையனின் மூச்சுக்கு வேறு என்னென்ன பகை என்று பார்க்க அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். ஒற்றை அறை. சமையல் உள்ளேயே. உஜ்வலா திட்டத்தில் வந்த எரிவாயு அடுப்பு மூலையில் இருந்தது. உருளையை நிரப்பப் பணம் இல்லாத மாதங்களில் விறகடுப்பு. திண்ணையில் தாத்தாவின் பீடி. இரவில் கதவைச் சாத்திக் கொசுவர்த்திச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள், வகைக்கேற்ப 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் அளவுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொல்லிற்று. அவன் பிறப்பதற்கு முன்பே அவன் தாய் சூளைப்புகையை ஒன்பது மாதம் உண்டிருக்கிறாள். தாத்தாவின் தங்கைக்கும் இளைப்பு இருந்ததாம். இத்தனையும் இருக்க, தாய் விழுங்கிய மாத்திரை மட்டுமே அவ்வீட்டார் கண்ணில் பட்டது. புகைக்கு வாயில்லை, பதில் பேசாத மருமகள் இருந்தாள்.

பையனுக்கு மருத்துவர் உறிஞ்சு மருந்து எழுதிக் கொடுத்திருந்தார். இன்ஹேலர் பழகினால் விடமுடியாது, பின்னால் பெண் கொடுக்கமாட்டார்கள் என்று வீட்டார் அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டனர். மாறாக, இளைப்பு முற்றும்போதெல்லாம் ஊசியும் ஸ்டீராய்டு மாத்திரையும். இங்கும் ஒரு கணக்கு. உறிஞ்சும் புடசோனைடு ஒரு முறைக்கு 100 அல்லது 200 மைக்ரோகிராம். அது நேரே நுரையீரலுக்குச் செல்வது. விழுங்கும் பிரட்னிசொலோன் மாத்திரை ஒன்று 5 மில்லிகிராம், அதாவது 5,000 மைக்ரோகிராம். அது உடல் முழுதும் பரவுவது. எதற்கு அஞ்சவேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். மருந்தை உறிஞ்சியபின் வாய் கொப்பளித்தால் போதும். சிறுவர்க்கு மருந்துக்கும் வாய்க்கும் இடையே ஒரு குப்பி வேண்டும். விலைக்கு வாங்க இயலாதவர்க்கு அரை லிட்டர் பிளாஸ்டிக் புட்டியின் அடியில் துளையிட்டுச் செய்ததும் நன்றாகவே பயன்படும் என்பதை 1999-இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் மருத்துவர்கள் சோதித்துக் காட்டினர். எம் பள்ளி அறிவியல் ஆசிரியர் அப்படியொன்று செய்தார். மருத்துவரிடம் காட்டி, அவர் சரியென்றபின் பையன் கையிற் கொடுத்தோம்.

மாமியாரிடம் குடையையும் சேற்றையும் சொன்னோம். உடனே ஏற்றுக்கொண்டார் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஏற்கவில்லை. ஆனால் கொசுவர்த்தி நின்றது; கொசுவலை வந்தது. தாத்தா பீடியோடு வேப்பமரத்தடிக்குப் பெயர்ந்தார். பெட்டிக்குள் இருந்த மருந்து வெளியே வந்தது. இரண்டு மாதம் கழித்து மருத்துவர், பையன் ஓடலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

எம் பள்ளி விளையாட்டு விழாவில் அவன் 200 மீட்டர் ஓட்டத்தில் நான்காவதாக வந்தான். பரிசு மூன்று பேருக்குத்தான். விழா முடிந்ததும் அவன் பாட்டி, சுருக்குப்பையில் பேரனின் உறிஞ்சு மருந்தோடு நம்மிடம் வந்து, மூன்றாவதாக வந்தவன் காலில் செருப்பு இருந்தது, தம் பேரன் வெறுங்காலோடு ஓடினான், இதென்ன நியாயம் என்று கேட்டுப் பெருஞ்சண்டை இட்டார். அருகில் நின்ற மருமகள் வாய்விட்டுச் சிரித்தாள். நமக்கு அளித்த நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.